பிசிறு பார்க்கும் மெஷின் அக்கா

ஹட்டன் டவுனில் அவரை எல்லோரும் மெஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட இருபத்தைந்து வயதாவது இளையவர். ஆனாலும் முதல் நாள் அவர் என்னிடம் நடந்துகொண்ட விதத்தில் என் வாயிலும் அக்கா என்றே வந்துவிட்டது, பிறகு மாற்றிக்கொள்ள முடியவில்லை. இப்போது நீர்கொழும்புப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் இருக்கிறாராம். அங்கே அவருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ தெரியாது.

முதல் நாள், ஒரு வரைபடத்தையும் ஒரு துண்டு எஃகுத் தகட்டையும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். கடை என்றால், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் ஹார்ட்வெயார் கடையை ஒட்டி ஆறடி அகலத்தில் ஓர் அறை. தையல் மெஷின், பிரஷர் குக்கர், கொழுந்து வெட்டும் மெஷின் என்று எது பழுதானாலும் அங்கேதான் வரும். வெளியே நல்ல மழை. கையில் இருந்த தேத்தண்ணி ஃபிளாஸ்க்கை அவர் மேசையில் வைத்துவிட்டு வரைபடத்தை விரித்தேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. ஃபிளாஸ்க்கின் மூடியைக் கழற்றி, அதன் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஒரு சுற்று ஓட்டினார். ஓர் இடத்தில் நகம் நின்றது.

"பிசிறு இருக்குங்க" என்றார்.

இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தார். மறுபடியும் நகத்தை ஓட்டினார். அதற்குப் பிறகுதான் என்ன வேலை என்று என்னைக் கேட்டார்.

ஏரோப்பிளேன் செய்கிறேன் என்றேன். அதைச் சொன்னால் ஊரில் சிரிக்காதவர்கள் கிடையாது. அவர் சிரிக்கவில்லை. விளையாட்டுச் சாமானா, ஆள் ஏறுவதா என்று மட்டும் கேட்டார். ஆள் ஏறுவது, இரண்டு பேர் உட்காரலாம் என்று சொன்னதும் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று நான் வீட்டுக்குத் திரும்பியபோது ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, மூடி மட்டும் வெண்ணெய் மாதிரி இருந்தது.

நான் டீமேக்கராக இருந்தவன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாடும் வாசனையையும் தூள் காயும் வாசனையையும் வைத்தே இருபத்தெட்டு வருடம் பிழைத்தேன். ஓய்வு பெற்று ஹட்டனில் வீடு கட்டியபோது பின்னால் லொறி நிற்கிற அளவுக்கு ஒரு ஷெட் போட்டேன். மரக்கறி லொறி ஓட்டப்போகிறேன் என்று என் மனைவி நினைத்தாள். நான் இணையத்தில் வெளிநாட்டிலிருந்து விமான வரைபடங்களை வரவழைத்தேன். மரச்சட்டம், அதன்மேல் இழுத்து ஒட்டிய துணி, தலைக்கு மேலே ரெக்கை. வானத்தில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அது எப்படிப் பூட்டியிருக்கிறது என்றுதான் சின்ன வயதிலிருந்தே எனக்கு யோசனை போகும். மரவேலை எனக்கு வரும். துணி ஒட்டும் வேலை என் மனைவிக்கு வந்தது. என்னைவிட நன்றாகவே வந்தது. இரும்புதான் இரண்டு பேருக்கும் வரவில்லை.

மர விமானம் என்றாலும் அதில் நூற்றுக்கு மேற்பட்ட சின்னச் சின்ன எஃகுப் பாகங்கள் உண்டு. ரெக்கை உடம்போடு சேரும் இடத்தில் பிடிகள், ரெக்கையைத் தாங்கும் கம்பிகளுக்கு முனைகள், வாலுக்குக் கீல்கள். பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது அவைதான். அவற்றை மெஷின் அக்கா ஒவ்வொன்றாகச் செய்தார், ஏறக்குறைய இரண்டு வருடம்.

அவருடைய இந்த நகப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. பூண்டுலோயாப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்து, பள்ளிக்கூடம் முடிந்ததும் கொழும்புக்குக் கீழே ஒரு கார்மெண்ட்ஸில் தைக்கப் போனவர். அங்கே ஒரு மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்ததாம். அதில் உட்காரும் பிள்ளைகளெல்லாம் ஏச்சு வாங்கினார்கள். கை சரியில்லை, கவனம் சரியில்லை என்று மூன்று பேரை மாற்றினார்கள். நாலாவதாக இவரை உட்கார வைத்தார்கள். இவர் தைக்கத் தொடங்கும் முன் ஊசி இறங்கும் தட்டைத் தடவிப் பார்த்தார். ஓட்டையின் ஓரத்தில் ஒரு பிசிறு, கண்ணுக்கே தெரியாது. அதுதான் நூலை அறுத்துக்கொண்டிருந்தது. தலைமுடி அளவு இரும்புக்காக மூன்று பிள்ளைகள் அழுதார்கள் என்று எனக்கு அவர் சொன்னபோது, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தக் கோபம் அப்படியே முகத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அவரை மெஷின் திருத்தும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்தபோது அந்த நகத்தையும் கூடவே கொண்டுவந்தார்.

கைப்பையில் சீப்பு இருக்குமோ இல்லையோ, அரம் இருக்கும். ஒருமுறை நானும் என் மனைவியும் அவரும் நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போனோம். முன்சீட்டின் கைப்பிடிக் கம்பியில் பிசிறு இருப்பதைக் கண்டுபிடித்து, பஸ் ஓட ஓட அராவ ஆரம்பித்துவிட்டார். கொண்டக்டர் பையன் ஓடிவந்து என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். "மல்லி, இதில் எத்தனை பேர் சேலை கிழிந்திருக்கும் தெரியுமா" என்று, தம்பியைக் கூப்பிடுவது போல, இவரும் சிங்களத்திலேயே திருப்பிக் கேட்டார். அவன் முன்பக்கம் போய்விட்டான். நானுஓயா தாண்டியதும் திரும்பி வந்து, பின்னால் ஆறாவது சீட்டிலும் ஒன்று இருக்கிறது அக்கே என்றான்.

இன்னொரு முறை தம்பிக்குப் பெண் பார்க்கப் போயிருக்கிறார். பெண் வீட்டார் பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு கொண்டுவந்து வைத்தார்கள். பெரியவர்கள் ஊர் விசாரித்துக்கொண்டிருக்க, இவர் தாம்பாளத்தின் விளிம்பில் நகத்தை ஓட்டி, பையைத் திறந்து, அரத்தை எடுத்திருக்கிறார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டதாம். ஆனால் பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, அதில்தான் நேற்று தன் விரலைக் கிழித்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்தான் இப்போது அவருக்குத் தம்பி மனைவி. அந்த வீட்டில் நாத்தனார் வருகிறார் என்றால் எல்லாப் பாத்திரத்தையும் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

என் ஷெட்டில் அவர் வைத்த சட்டங்கள் தனி. தகட்டின்மேல் கூர்முனையால் கோடு கிழிக்கக்கூடாது. மார்க்கர் பேனாவால்தான் வரைய வேண்டும். மடக்கும் இடத்தில் ஒரு கீறல் இருந்தால் பின்னாளில் அங்கேதான் வெடிக்கும். தகட்டை உருட்டிச் செய்தபோது உண்டான வாட்டம் ஒன்று அதில் இருக்கிறது. அதற்குக் குறுக்கேதான் மடக்க வேண்டும். துளையை முதலில் சின்னதாகப் போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி வர வேண்டும். கடைசியில் போல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும். சுத்தியல் கேட்டால் தப்பு. தானாக விழுந்தால் அதுவும் தப்பு. விளிம்பெல்லாம் அராவி, உப்புத்தாள் போட்டு, கடைசியில் நகத்துக்குக் காட்ட வேண்டும். நகம் நின்றால் அந்தப் பாகத்தை மேசையில் பூட்டிய வைஸில் இறுக்கி ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிடுவார். தப்பான பாகம் முழுசாகக் கிடந்தால் யாராவது ஒருநாள் எடுத்துப் பூட்டிவிடுவார்களாம்.

நல்ல தகட்டுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தான் மூன்று மணி நேரம் செய்த பாகத்தை அவரே என் கண்ணெதிரே அறுக்கும்போது எனக்குப் பொறுக்காது. ஒருநாள் அந்தப் பிசிறு எனக்குத் தெரியவேயில்லையே என்று முறையிட்டேன்.

"கண்ணால பார்க்காதீங்க ஐயா, நகத்தால பாருங்க" என்றார்.

பார்த்தேன். என் நகத்துக்கு அது வழவழவென்றுதான் இருந்தது. அவர் என் விரலைப் பிடித்து அதே இடத்துக்குக் கொண்டுபோய், மெதுவாக, இன்னும் மெதுவாக என்று இழுக்கச் சொன்னார். நாலாவது தடவை ஏதோ ஒன்று தட்டியது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் நான் ஏதோ பரீட்சை பாஸ் பண்ணியதைப் போல இருந்தது.

எல்லாம் முடியப்போகும் நேரத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

விமானத்தை ஓட்டப்போவது நான் இல்லை. என் கண் பார்வைக்கு உரிமம் கிடைக்காது. மலைக்குக் கீழே, கீழ்நாட்டில், ஓய்வுபெற்ற சிங்களக் கப்டன் ஒருவர், சின்ன விமானங்களில் பழகியவர், முதலில் ஓட்டித் தர ஒத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு வந்து பார்க்கிறேன் என்று அவர் போன் பண்ணியபோது, மெஷின் அக்கா டயகமவில் இருந்தார். தங்கைக்குப் பிரசவம். திரும்ப வரப் பத்து நாளாகும். வால் ரெக்கையைத் தாங்கும் கம்பிகளுக்கு இரண்டே இரண்டு பிடிகள் பாக்கி. வாலில் ஓட்டையாக இரண்டு இடம் தெரிய, கப்டனுக்கு விமானத்தைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. மெஷின் அக்கா செய்வதை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நானே உட்கார்ந்தேன். மார்க்கர் காய்ந்துபோயிருந்தது. கூர்முனையை எடுத்துக் கோடு கிழித்தேன். மீதித் தகட்டில் வாட்டம் பார்க்க இடமில்லை, கிடைத்தபடி வெட்டினேன். மெஷினில் சர்ரென்று விளிம்பைத் தேய்த்து, மடக்கி, பச்சைப் பெயின்ட் அடித்துப் பூட்டிவிட்டேன். ஒரு பகலில் வேலை முடிந்தது. எனக்கு என்மேல் பெருமையாகவும் இருந்தது.

மெஷின் அக்கா சொன்னதற்கு முன்பே, கப்டன் வருவதற்கு முந்தின நாள், டயகமவிலிருந்து வந்துவிட்டார். ஷெட்டுக்குள் நுழைந்ததும் வாலைப் பார்த்துவிட்டு, இது எப்போது பூட்டியது என்றார். நீங்கள் போகும் முன்பே செய்து வைத்திருந்தீர்களே, டப்பாவில் இருந்தது, நான் எடுத்துப் பூட்டினேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிரசவ வீட்டில் தூக்கமில்லாமல் வந்தவர். சரி என்று தலையாட்டினார்.

கப்டன் நல்ல மனிதர். மழைக்கோட்டைக் கழற்றும் முன்பே விமானத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். ரெக்கைப் பிடிகளைத் தொட்டுப் பார்த்து, இவை எங்கிருந்து வாங்கியவை என்று கேட்டார். நான் மெஷின் அக்காவைக் காட்டினேன். அவர் நேரே போய் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் கைமேல் உட்கார்ந்துதான் நான் மேலே போகப்போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். அக்காவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. இதில் என் நகத்துக்குத் தப்பின பாகம் ஒன்றுகூட இல்லை, கப்டன் சேர் என்று அவரும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கப்டனுக்கு அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. அந்த அம்மா பயப்படுகிறார் என்பது இவர் பேச்சிலிருந்தே தெரிந்தது. வாசல்பக்கம் நடந்துகொண்டே, இல்லை இல்லை, இங்கே ஒரு பெண் செய்திருக்கிறாள், நீ வந்து பார்த்தால் நீயே ஏறுவாய் என்று சொல்லிச் சிரித்தார். என் மனைவி அவரைத் தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குள் கூட்டிப்போனாள்.

ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கப்டன் தன் மனைவியையும் ஏற்றிப் போவாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. வாலில் இருக்கும் இரண்டும் நான் செய்தவை என்று சொன்னேன். எப்படிக் கோடு போட்டேன், எப்படி வெட்டினேன், ஏன் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்பேனரை எடுத்து இரண்டையும் கழற்றினார். ஒன்றை, பெயின்ட் போகத் தின்னர் ஊற்றித் துடைத்து, மடிப்பின் மேல் நகத்தை வைத்தார். நகம் இழுபடவே இல்லை, வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதை வைஸில் இறுக்கிக் குறட்டால் ஒருமுறை நிமிர்த்தி, ஒருமுறை மடக்கினார். டிக் என்று ஒரு சத்தம். நான் கிழித்த கோட்டின் வழியாகவே, பிஸ்கட் மாதிரி இரண்டாகப் போய்விட்டது.

பிறகு டப்பாவிலிருந்து தான் உபரியாகச் செய்து வைத்திருந்த பாகம் ஒன்றை, நல்லதை, எடுத்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அதே வைஸ், அதே குறடு. பதினொரு தடவை நிமிர்த்தி மடக்கிய பிறகுதான் உடைந்தது. எண்ணியது நான்தான்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். கப்டனிடம், வாலில் இரண்டு பாகத்தைத் திரும்பச் செய்ய வேண்டும், கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும் என்றார். என்ன கோளாறு என்று கேட்டார் கப்டன். வாட்டம் பார்க்காமல் வெட்டியது என்றார் இவர். யார் வெட்டியது என்று கப்டன் கேட்கவில்லை. ஆனால் அவர் கண் கேட்டது.

"அது பட்டறை தப்பு, சேர்" என்றார் மெஷின் அக்கா.

கப்டன் போன பிறகு ஷெட்டின் வாசலில் நின்று குடையை விரித்தார். என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார்.

"பொய் சொன்னதுகூடப் பரவாயில்லைங்க ஐயா. என் கை வேலைன்னு சொன்னீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

ஒரு வாரம் வரவில்லை. நான் புது மார்க்கர் வாங்கி, புதுத் தகடு வரவழைத்து, அந்த இரண்டு பிடிகளையும் கையாலேயே செய்தேன். செய்து முடித்து அவர் கடைக்குக் கொண்டுபோனேன். வணக்கம் சொன்னார், நகத்தை ஓட்டினார், ரம்பத்தை எடுத்து நாலு துண்டாக்கித் திருப்பித் தந்தார். இரண்டாவது முறை ஒன்று தப்பியது, ஒன்று துண்டானது. தப்பியதையும் ஜோடி சேர்ந்து வரட்டும் என்று துண்டாக்கினார். மூன்றாவது முறை நான் துளையில் தவறவிட்டேன். போல்ட் தானாக உள்ளே விழுந்தது. ஒவ்வொரு நாளும் நான் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போவதையும் துண்டுகளோடு திரும்பி வருவதையும் பக்கத்துக் கடை நானா பார்த்துக்கொண்டே இருந்தார். டீமேக்கர் ஐயா இங்கே வேலை கேட்டு வருகிறாரா, மெஷின் அக்கா இன்னும் எடுக்கவில்லையா என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தாராம். ஊர் சிரித்தது. எனக்குமே இரண்டு நாளில் சிரிப்பு வந்துவிட்டது. தொழிற்சாலையில் எத்தனை பேர் கொண்டுவந்த கொழுந்தை நான் மூக்கைச் சுளித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நாலாவது முறை இரண்டையும் நெடுநேரம் வைத்துப் பார்த்தார். விளிம்பு, மடிப்பு, துளையின் உள்பக்கம். ரம்பம் மேசையில்தான் இருந்தது. அதன் பக்கம் அவர் கை போகவேயில்லை. பாகங்களை ஒரு பழைய துணியில் சுற்றி என்னிடம் நீட்டிவிட்டு, உள்ளே திரும்பி, ஐயாவுக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவாங்க என்று நானா கடைப் பக்கம் குரல் கொடுத்தார். அவ்வளவுதான் சமாதானம்.

மழைக்காலம் முடிந்து ரெக்கைகளைத் தனியே கழற்றி, வைக்கோல் வைத்து லொறியில் கட்டி, கினிகத்தேனை வளைவுகளில் ஆமை மாதிரி இறக்கிக் கீழ்நாட்டு விமானத் திடலுக்குக் கொண்டுபோனோம். அங்கே மறுபடி பூட்ட மூன்று நாள். ஒவ்வொரு போல்ட்டையும் மெஷின் அக்காதான் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே அனுப்பினார். கப்டன் முதலில் ஓடுதளத்தில் ஓட்டினார், பிறகு தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி இறக்கினார், பிறகு ஒருநாள் காலை தென்னைமரங்களுக்கு மேலே போய்விட்டார். நான் சத்தம் போட்டேனாம். என் மனைவி அழுதாள். மெஷின் அக்கா விமானத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றார். இறங்கி எஞ்சின் நின்ற பிறகுதான் தலையைத் தூக்கினார். நேரே போய் ஒவ்வொரு பிடியாகத் தடவினார். வாலில் நான் செய்த இரண்டையும் தடவிவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

சோதனைப் பறப்புகள் எல்லாம் முடிந்து, ஆள் ஏற்றலாம் என்று அனுமதித் தாளும் வந்த பிறகு, கப்டன் பக்கத்து இருக்கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். நான் மெஷின் அக்காவைக் காட்டினேன். அவர் முடியவே முடியாது என்றார். கடுகண்ணாவை மலைப்பாதை இறக்கத்திலேயே பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்கிறவர். ஆனால் கப்டன் விடவில்லை. நீங்கள் ஏறவில்லை என்றால் இனிமேல் நானும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார்.

இருபது நிமிடம் போயிருக்கும். குளத்தின் மேலே ஒரு சுற்று, நெல்வயல்களின் மேலே ஒரு சுற்று. கீழே நாங்கள் கையசைத்தோம். பதிலுக்கு அங்கிருந்து கை ஒன்றும் அசையவில்லை. இறங்கி வந்தபோது அவருக்கு முடியெல்லாம் கலைந்திருந்தது, கண் பளபளவென்று இருந்தது. என் மனைவி ஓடிப்போய், மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருந்தது, குளம் தெரிந்ததா, நாங்கள் தெரிந்தோமா என்று கேட்டாள்.

"நான் எங்கங்க பார்த்தேன்" என்றார். "ஏறினதுல இருந்து இறங்குற வரைக்கும் அந்த ரெக்கைப் பிடி நாலையுந்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் அசையல."

எல்லோரும் சிரித்தோம். கப்டனுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், அவரும் சிரித்தார். மெஷின் அக்கா சிரிக்காமல், கலைந்த முடியை மறுபடி இறுக்கி முடிந்துகொண்டு, விமானத்தின் பக்கம் திரும்பினார்.

"கப்டன் சேரை இன்னொரு வாட்டி கூட்டிப்போகச் சொல்லுங்க ஐயா. இந்த வாட்டி ஊரைப் பார்க்கிறேன்."